ஊதா விளக்கும் வெள்ளைப் புள்ளியும்

மீன்தொட்டியின்மேல் ஊதா நிற எல்.இ.டி. பட்டை ஒன்றை எரியவிட்டால் கிருமிகள் யாவும் மாண்டுபோகும் என்னும் கதையைக் கொளத்தூர் வண்ணமீன் கடைகளிலும், என்னிடம் நுண்ணுயிரியல் படித்துப் பட்டம் பெற்றவர்களின் வாயிலுமே கேட்டுக் கேட்டுப் பொறுமை இழந்துவிட்டேன். சென்ற வாரம் அண்டை வீட்டுக்காரர், "சார், நாலு நாளா யூவி லைட் எரியுது, புள்ளி போகலையே" என்று அழைத்துப்போய்க் காட்டினார். கறுப்பு மோலி ஒன்று, உடலெங்கும் ரவை தூவினாற்போன்ற வெண்புள்ளிகளோடு, துடுப்புகளை ஒடுக்கி ஹீட்டர்மேல் உரசிக்கொண்டிருந்தது. விளக்கு வந்த பெட்டியிலோ 400 நானோமீட்டர் என்று அச்சிட்டிருந்தது!

நுண்ணுயிரின் டி.என்.ஏ.வைச் சிதைப்பதில் வல்லவை 260 நானோமீட்டரை ஒட்டிய கிரணங்களே. பாதரச ஆவி விளக்கு 254-இலும், கிருமிநாசினி எல்.இ.டி. 265 முதல் 280 வரையிலும் வீசுகிற அந்தக் கிரணம் கண்ணுக்கே புலப்படாதாகையால், ரம்மியமாய்த் தெரியும் ஊதா எதற்கும் சாட்சியன்று. மெய்யான கிரணத்தைத் திறந்த தொட்டியின்மேல் எரித்தால் பார்ப்பவர் கண்ணல்லவா புண்ணாகும்? அதனால்தான் அசல் கருவியில் விளக்கைக் குவார்ட்ஸ் உறைக்குள் அடக்கி, ஒளி கசியாத கூட்டின் வழியே பம்பினால் நீரை மெல்லச் செலுத்துகிறார்கள். அதுவும்கூட, தன்னைக் கடந்துசெல்லும் நீரில் மிதப்பதை மட்டுமே தண்டிக்கும். வெண்புள்ளி ஒட்டுண்ணியோ மீனின் தோலுக்கடியில் பதுங்கி வளர்ந்து, பின் உதிர்ந்து, தொட்டியின் அடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாய்ப் பிரிந்து வெளிவருகிறது. அவை நீந்தித் திரியும் அந்த அற்ப காலத்தில் குழாய்க்குள் அகப்பட்டாலொழியக் கருவியினால் பிரயோஜனமில்லை.

நன்மை செய்யும் பாக்டீரியாவும் அழியும் என்று அஞ்சுவோர்க்கு: அவை ஃபில்டர் பஞ்சில் ஒட்டிக்கொண்டிருப்பவை, விளக்கைத் தேடிப் போவதில்லை. நீர் மாற்ற வேண்டியதில்லை என்பது வெறும் சோம்பேறித்தனம். அமோனியாவையும் நைட்ரேட்டையும் எந்த விளக்கும் விழுங்காது. எரிகிற குழல் வேலை செய்கிறது என்பதும் பிரமையே. ஏறத்தாழ ஓராண்டில் வீரியம் குன்றிய பின்னும் அது நீலமாய் மினுக்கிக்கொண்டுதான் இருக்கும்.

விளக்குக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வாங்கிப் புதுமீனை மூன்று வாரம் தனியே வைத்திருக்கலாமே என்று நான் வருஷக்கணக்காய்ச் சொல்லிவருகிறேன். அண்டை வீட்டுக்காரர் அந்த மோலியை வாங்கிவந்த அன்றே, பையை அவிழ்த்து, கடைத் தண்ணீரோடு தொட்டியில் கவிழ்த்தவர். அவர் வீட்டு மாடிப்படியின் கீழ் நல்ல பெரிய தொட்டி ஒன்று, பழைய செய்தித்தாள் நிரம்பிக் கிடக்கிறது.