மலிவு சென்சாரை நம்பும் முன்

சென்னை ரிச்சி தெருவிலோ இணையக் கடையிலோ நூறு, இருநூறு ரூபாய்க்கு வாங்கும் சென்சாரோடு தரச் சான்றிதழ் எதுவும் வராது. அட்டையில் அச்சடித்த எண்தான் வரும். அந்த எண் சரியா என்று பார்க்க ஆய்வகம் தேடி அலைய வேண்டாம். ஐஸ்கட்டி, கல்லுப்பு, காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர், மல்டிமீட்டர், சமையலறைத் தராசு இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

முதலில் வெப்பநிலை. எஃகுக் குழாய்க்குள் அடைத்து வரும் டிஎஸ்18பி20 சென்சாரை எடுத்துக்கொள்வோம். ஐஸைப் பொடித்து டம்ளர் நிறையப் போட்டு, இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: டம்ளர் நிறையத் தண்ணீரில் நாலு கட்டி மிதந்தால் அது 0 டிகிரி ஆகாது. சென்சாரை நடுவில் செருகிக் கிளறியபடி ஐந்து நிமிடம் பாருங்கள். அரை டிகிரி கூடக்குறைய இருக்கலாம்; தயாரிப்பாளர் தரும் வாக்குறுதியே அவ்வளவுதான். அடுத்து, வெதுவெதுப்பான நீரில் சென்சாரையும் தெர்மாமீட்டரையும் சேர்த்துப் பிடித்து ஒப்பிடுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு பிழை வந்தால் கவலையில்லை, புரோகிராமில் கழித்துக்கொள்ளலாம். பிழை மாறி மாறி வந்தால் அந்தச் சென்சார் வேண்டாம். திரையில் திடீரென்று 85 டிகிரி என்று வந்தால் பதற வேண்டாம். மின்சாரம் கொடுத்ததும் சென்சாரில் இருக்கும் தொடக்க எண் அது. அளந்து முடிக்க முக்கால் விநாடி வரை ஆகும். அதற்குள் புரோகிராம் அவசரப்பட்டுப் படித்துவிடுகிறது.

ஈரப்பதத்துக்குக் கல்லுப்பு. மூடி உள்ள சின்ன டப்பாவில் உப்பைப் போட்டு, ஈர மணல் பதம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. டிஎச்டி22 சென்சாரை உப்பில் படாமல் மேலே தொங்கவிட்டு, வயர் நுழையும் ஓட்டையை டேப்பால் அடைத்து, வெயில் படாத இடத்தில் இரவு முழுக்க வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிலைத்துவிடும். நம் ஊர் அறை வெப்பத்தில் இது அதிகம் மாறாது. காலையில் 70க்குக் கீழோ 80க்கு மேலோ காட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

சென்சார் பெட்டிக்கு மின்சாரம் தரும் 18650 லித்தியம் செல்லில்தான் ஏமாற்று அதிகம். 9900 எம்ஏஎச் என்று அச்சடித்து விற்கிறார்கள். இந்த அளவு செல்லில் நல்ல நிறுவனங்கள் தருவதே ஏறக்குறைய 3500தான். தராசில் வையுங்கள், நல்ல செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். 30 கிராம்தான் என்றால் மேற்கொண்டு சோதனையே தேவையில்லை.

எடை தேறினால், 4.2 வோல்ட் வரை சார்ஜ் செய்து, 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இணையுங்கள். அது நன்றாகச் சுடும், தரை ஓடு மேல் வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை வோல்ட்டைக் குறித்து வாருங்கள். 3 வோல்ட்டுக்கு இறங்கியதும் கழற்றிவிடுங்கள். மறந்து தூங்கிப்போனால் செல் பாழ். சராசரி வோல்ட்டை 10ஆல் வகுத்து, ஓடிய மணி நேரத்தாலும் 1000ஆலும் பெருக்குங்கள். சராசரி 3.6 வோல்ட், ஓடியது 6 மணி நேரம் என்றால் 2160 எம்ஏஎச்.

தேறாத செல்லைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.