அலுவலகம் பெயர்ந்தால் கட்டிடம் என்னாகும்?

அரசாங்க அலுவலகங்களைத் தலைநகருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று யாரேனும் சொன்னால், உடனே ‘செலவு எவ்வளவு?’ என்று கேட்கிறோம். லாரி வாடகை, மேசை நாற்காலி, புதிய கட்டிடம் என்று கணக்குப் போடுகிறோம். பொருளாதாரம் பயிலும் எனக்கு இது பாதிக் கணக்காகவே தோன்றுகிறது. விட்டு வந்த இடம் என்னவாயிற்று, உடன் வந்த ஊழியர்க்கு வீடு எவ்வாறு கிடைத்தது என்பவற்றையும் சேர்த்தாலன்றிக் கணக்கு முடியாது. இதைக் கற்கத் தென் கொரியா நல்ல பாடம்.

கொரியர் முதலில் தலைநகரையே சியோலிலிருந்து மாற்ற முனைந்தனர். அது செல்லாது என்று 2004-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதலின் தலைநகர் சியோலாகவே இருக்க, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தெற்கே சேஜோங் என்ற புதிய நகரை எழுப்பி, அமைச்சகங்கள் பலவற்றை 2012 முதல் அங்கே மாற்றினர். பொது நிறுவனங்களை வேறு பல ஊர்களுக்குப் பிரித்து அனுப்பினர்.

அவ்வாறு சென்றவற்றுள் ஒன்று கொரிய மின்சாரக் கழகம். 2014-இல் அது நாஜு என்ற ஊருக்குப் பெயர்ந்தது. சியோலில், விலை மிகுந்த கங்னம் பகுதியில், அதற்கு ஏறத்தாழ 20 ஏக்கர் மனை இருந்தது. மதிப்பீட்டாளர் இட்ட விலை சுமார் 3,33,000 கோடி வொன். ஹூண்டாய் குழுமம் கொடுத்ததோ 10,55,000 கோடி வொன்! மும்மடங்குக்கும் மேல். இதைக் கண்டு, ‘மாற்றினால் இலாபமே’ என்று முடிவு கட்டுவது தவறு. மனையை ஒருமுறைதான் விற்க முடியும். புதிய இடத்தின் பராமரிப்போ ஆண்டுதோறும் வரும். ஒருவர் ஆசைப்பட்டுக் கொடுத்த விலையை மற்ற மனைகளுக்கு அளவுகோலாகக் கொள்ளவும் இயலாது.

சியோலை அடுத்த குவாசோனில் வேறு வழி கையாண்டனர். அமைச்சகங்கள் காலி செய்த கட்டிடங்களில் பிற அரசாங்க அலுவலகங்களைக் குடியேற்றினர். பாதுகாப்புத் தளவாடக் கொள்முதல் துறை 2017-இல் அங்கே வந்தது. கட்டாமல் மிஞ்சிய கட்டிடமும் கொடுக்காமல் மிஞ்சிய வாடகையும் வரவுதான். ரொக்கமாகக் கண்ணுக்குத் தெரியாததால் பலர் அதை எழுதுவதில்லை.

இனி வீடு. சேஜோங்குக்கு வரும் ஊழியர்க்குப் புதிய அடுக்ககங்களில் தனி ஒதுக்கீடு தந்தனர். குடும்பத்தோடு வரட்டும் என்பதே நோக்கம். நோக்கம் நல்லதே, ஆனால் வீட்டு விலை ஏற ஏற, ஒதுக்கீடே ஒரு சொத்தாகிவிட்டது. அண்டை நகரான தேஜோனில் சுங்கத் துறையைச் சேர்ந்த மதிப்பீட்டு நிறுவனம் ஒன்று இருந்தது. இடமாற்றப் பட்டியலில் அது இல்லை. எனினும் சேஜோங்கில் அதற்கு 1,710 கோடி வொன் செலவில் கட்டிடம் எழுந்தது. ஊழியர் 49 பேர் ஒதுக்கீட்டு வீடுகளும் பெற்றனர். கட்டிடம் எழுந்தது, அலுவலகம் வரவில்லை! 2021-இல் இது வெளியானதும் நாடே கொதித்தது. அவ்வாண்டே அந்த ஒதுக்கீட்டு முறை நீக்கப்பட்டது. பட்டியலைப் பாராமல் கட்டிடத்துக்குப் பணம் ஒதுக்கியவர் யார் என்பதே எனக்குப் பெரிய வினா.

பயணச் செலவும் உண்டு. நாடாளுமன்றம் சியோலிலேயே தங்கிவிட்டதால், அமைச்சக அதிகாரிகள் கோப்பும் கையுமாக அங்கும் இங்கும் அலைந்தனர். அவர்களைச் ‘சாலை அதிகாரிகள்’ என்ற பொருளில் மக்கள் கேலியாக அழைத்தனர். நாடாளுமன்றத்தின் கிளையொன்றைச் சேஜோங்கில் அமைப்பதற்கான சட்டம் 2021 செப்டம்பரில் நிறைவேறியது. அதற்கும் ஒரு கட்டிடம் வேண்டும்.