வென்றோர் செய்யும் சமாதானம்



யுத்தத்தில் வெல்லுதல் அரிதோ, வென்றபின் சமாதானம் செய்தல் அரிதோ என்று வினவினால், வெல்லுதலே அரிதென்பர் பெரும்பாலோர். சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தாலோ, வென்றவர் எண்ணிறந்தவர்; வென்றபின் நிலைத்த சமாதானம் கண்டவர் மிகச் சிலர். அஃது ஏன் என்பதையே இப்பாடத்தில் ஆராயப் புகுகின்றோம்.

யாம் இதனை எழுதும் ஊர் பூதிகோட்டை. பூதி என்பது சாம்பல். மைசூரை ஆண்ட ஹைதர் அலி பிறந்த ஊர் இதுவே. அவர் தந்தை இவ்விடத்தில் படைத்தலைவராயிருந்தார். தங்கவயலிலிருந்து இங்கு வந்து கோட்டையின் எச்சங்களைக் கண்டு செல்வோர் உளர். இங்குப் பிறந்தவர் நடத்திய யுத்தங்கள் எவ்வாறு முடிந்தன என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. நெருப்பு அணைந்தால் சாம்பல் மிஞ்சும். ஆயினும் சாம்பலைக் கண்ட இடமெல்லாம் நெருப்பு அணைந்துவிட்டதென்று கொள்ளலாகாது. நீறு பூத்த நெருப்பென்று நம் முன்னோர் சொன்னது இதனையே. ஆயுதம் ஓய்ந்தவுடன் தோன்றும் அமைதியும் அத்தகையதே.

மைசூர் யுத்தங்கள் கற்பிப்பது

1767ஆம் ஆண்டு ஆங்கிலக் கம்பெனியாருக்கும் ஹைதருக்கும் யுத்தம் மூண்டது. 1768இல் கோலாரும் முளபாகலும் போர்க்களமாயின. அவ்வாண்டு கம்பெனியாரின் கை ஓங்கியிருந்தபோது, பாரமகால் நாட்டையும் பத்து லட்சம் ரூபாயையும் தருவதாகச் சொல்லி ஹைதர் சமாதானம் வேண்டினார். சென்னையிலிருந்த ஆலோசனைச் சபையார் அது போதாதென்று மேலும் மேலும் கேட்டனர். பேச்சு முறிந்தது. சில மாதங்களுக்குள் நிலைமை தலைகீழாயிற்று. 1769ஆம் ஆண்டு குதிரைப்படையோடு விரைந்து வந்த ஹைதர், சென்னைப்பட்டணத்தின் வாயிலருகே நின்றார். மிகுதியாகக் கேட்டவர்கள் இப்பொழுது அவர் சொல்வதைக் கேட்க வேண்டியவராயினர்.

அவ்வேளையில் ஹைதர் கேட்டது யாது? பட்டணத்தைக் கொள்ளையிடவில்லை. ஒருவர்க்கொருவர் பிடித்த ஊர்களைப் பெரும்பாலும் திருப்பிக் கொடுப்பதென்றும், ஒருவரைப் பிறர் தாக்கினால் மற்றவர் துணை புரிவதென்றும் ஏப்ரல் மாதத்தில் உடன்படிக்கை செய்துகொண்டார். வென்றவர் விதித்த நிபந்தனைகளில் இவை எளியனவென்றே சொல்லலாம்.

எனினும் அது நிலைக்கவில்லை. மராட்டியர் மைசூர்மீது படையெடுத்தபோது, கம்பெனியார் வாக்களித்தபடி உதவ முன்வரவில்லை. அந்தப் புண் ஹைதரின் உள்ளத்தில் ஆறாது நின்றது. 1780இல் அவர் கர்நாடகப் பகுதிக்குள் பெருஞ்சேனையோடு இறங்கினார். சென்னையைச் சூழ்ந்த கிராமங்கள் எரிந்தன. தொடர்ந்து பஞ்சமும் வந்தது. உடன்படிக்கையை மீறியவர் கோட்டைக்குள் இருந்த துரைமார். பசியால் மடிந்தவரோ உடன்படிக்கை என்ற சொல்லையே கேட்டறியாத உழவரும் கூலியாட்களும். இதில் ஹைதர்மீதும் பழியுண்டு என்பதை, அவர் பிறந்த ஊரில் இருந்துகொண்டே யாம் சொல்லத்தான் வேண்டும்.

1782இல் ஹைதர் மாண்டார். யுத்தம் 1784இல் மங்களூர் உடன்படிக்கையோடு முடிந்து, 1790இல் மீண்டும் மூண்டது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காரன்வாலிஸ் பிரபு வென்றவராய் அமர்ந்து நிபந்தனை விதித்தார். திப்பு சுல்தானின் ராஜ்யத்தில் பாதி பறிக்கப்பட்டது. மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. அது தீருமளவும் பிணையாகச் சுல்தானின் புதல்வர் இருவர், சிறுவர்கள், கொண்டுபோகப்பட்டனர். 1794இல் அச்சிறுவர்கள் திரும்பினர். ஆனால் தன் பிள்ளைகளை எதிரியின் பாசறைக்கு அனுப்பிய தகப்பனின் மனம் திரும்புமோ? ஏழே ஆண்டுகளில் மற்றொரு யுத்தம் வந்தது. 1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் திப்பு களத்தில் மாண்டார். இது சமாதானத்தால் முடிந்த பகையன்று. பகைத்தவன் இல்லாமற் போனதால் முடிந்த பகை.

கோசல மன்னன் செய்தது

பகவன் புத்தர் காலத்திலும் இத்தகைய யுத்தமொன்று நிகழ்ந்தது. தந்தை பிம்பிசாரனைச் சிறையில் மாளச் செய்து மகத நாட்டைக் கொண்ட அஜாதசத்துருவுக்கும், கோசல மன்னன் பசேநதிக்கும், காசி நாட்டுக் கிராமம் ஒன்றைக் குறித்துப் போர் மூண்டது. முதலில் பசேநதி தோற்றோடினான். வெற்றி தோல்வி இரண்டையும் கைவிட்டவனுக்கே அமைதியான உறக்கமுண்டு என்று அப்போது பகவன் பிக்குகளுக்கு விளக்கினார்.

மறுபடியும் போர் நடந்தது. இம்முறை அஜாதசத்துரு உயிரோடு பிடிபட்டான். அவனைக் கொல்லுதல் பசேநதிக்கு எளிது, கேட்பாரும் இல்லை. ஆயினும் அவன் தன் உடன்பிறந்தாளின் கணவனுக்குப் பிள்ளை என்பதை எண்ணி, யானை, குதிரை, தேர், காலாள் என்னும் படைகளைப் பறித்துக்கொண்டு உயிரோடு விட்டுவிட்டான். பின்னர்த் தன் மகள் வஜிரையை அவனுக்கு மணம் செய்வித்து, எந்தக் கிராமத்துக்காகப் போர் நடந்ததோ அதனையே சீதனமாகக் கொடுத்தான் என்று உரையாசிரியர்கள் கூறுவர்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. படைகளைப் பறித்தது கேட்டபோது பகவன் அதனைப் புகழவில்லை. பறிப்பவன் தானும் ஒருநாள் பறிகொடுப்பான் என்னும் வினைப்பயனையே எடுத்துக்காட்டினார். உயிரை விட்டது நன்று. கிராமத்தைக் கொடுத்தது அதனினும் நன்று. போருக்குக் காரணமாயிருந்த பொருளையே வென்றவன் தன் கையால் கொடுத்தபோது, அடுத்த போருக்குக் காரணம் இல்லாமற் போயிற்று.

ஒரே தீவு, இரு வெற்றிகள்

அண்மைக் காலத்துக்கு வருவோம். இரண்டாம் உலக யுத்தத்தில், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மீதும் திருகோணமலைமீதும் குண்டு வீசின. 1951ஆம் ஆண்டு செப்டம்பரில், தோற்ற ஜப்பானோடு சமாதானம் செய்யச் சான்பிரான்சிஸ்கோ நகரில் பல நாட்டார் கூடினர். அங்கே இலங்கையின் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜெயவர்த்தனா எழுந்து, பகையைப் பற்றிய புத்த போதனையை நினைவூட்டி, தம் நாடு ஜப்பானிடம் நஷ்ட ஈடு கேட்காது என்று அறிவித்தார். இந்தியாவும் 1952ஆம் ஆண்டு ஜூன் மாதம் தனி உடன்படிக்கை செய்து நஷ்ட ஈட்டை விட்டுக்கொடுத்தது. ஜப்பானியர் இதனை இன்றும் நன்றியோடு நினைக்கின்றனர். பௌத்தர் யாவரும் பெருமை கொள்ளத்தக்க நிகழ்ச்சி அது.

ஆனால் பாடம் அத்துடன் முடியவில்லை. அதே ஜெயவர்த்தனா நாட்டின் ஜனாதிபதியாயிருந்த 1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், தமிழர்கள் தெருக்களில் கொல்லப்பட்டனர். வீடுகளும் கடைகளும் கொளுத்தப்பட்டன. தொடர்ந்த நெடிய யுத்தத்தில் இரு தரப்பிலும் கொடுமைகள் நிகழ்ந்தன. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசாங்கம் முழு வெற்றி பெற்றது. எதிர்த்த தலைவர்கள் மாண்டனர். சமாதானம் பேச எதிரே ஒருவருமில்லை. அப்படியானால் யாரோடு பேசுவது? மிஞ்சியிருந்த மக்களோடு. அவர்களில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோர் முட்கம்பி வேலிக்குள் முகாம்களில் வைக்கப்பட்டனர். போரில் இறந்த போராளிகளைப் புதைத்த இடங்கள் இடித்துத் தள்ளப்பட்டன. காணாமற்போன பிள்ளைகளின் படங்களை ஏந்திய தாய்மார், 2017இல் தொடங்கி ஆண்டுக்கணக்காகத் தெருவோரத்தில் அமர்ந்திருந்தனர்.

கடல்கடந்து வந்து குண்டு வீசியவருக்கு அளித்த பெருந்தன்மையை, ஒரே மண்ணில் பிறந்தவர்க்கு ஏன் அளிக்க முடியவில்லை? தூரத்துப் பகைவனை மன்னிப்பது எளிது. அண்டை வீட்டுப் பகைவனோடு நாள்தோறும் வாழவேண்டுமாதலால், அவனுக்குச் சமமான இடம் கொடுக்க மனம் ஒப்புவதில்லை. தமிழராயும் பௌத்தராயும் இருக்கும் நமக்கு இந்தக் கேள்வி இரட்டை வேதனையாகும். புத்தர் பெயரைச் சொல்லும் நாட்டில் நிகழ்ந்ததென்பதற்காக நாம் மௌனம் சாதித்தல் தன்மமாகாது. அதற்காகத் தன்மத்தையே வெறுத்தலும் அறிவாகாது. தன்மம் தவறவில்லை; தன்மத்தைக் கொடியில் எழுதிக்கொண்டு நெஞ்சிலிருந்து அழித்தவர்களே தவறினர்.

எம் சொந்தத் தவறு

இவற்றை எழுதும் யாம் குற்றமற்றவரல்லோம். பஞ்சாலையில் நூற்புப் பகுதியில் வேலை செய்த காலத்தில் ஒரு வேலைநிறுத்தத்தில் தொழிலாளராகிய நாங்கள் வென்றோம். அதில் சேராமல் வேலைக்குப் போனவர் சிலர். அவர்களுள் ஒருவர் வீட்டில் குழந்தை நோயுற்றிருந்ததை யாம் அறிவோம். சங்கத்துப் பெரியவர்கள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றனர். எம்போன்ற இளைஞர்களோ கூடாதென்று கூச்சலிட்டோம். உணவுக்கூடத்தில் அவர்கள் வந்து அமர்ந்தால் நாங்கள் எழுந்துவிடுவோம். அதனை வெற்றியென்று எண்ணினோம். அடுத்த வேலைநிறுத்தம் வந்தபோது அவர்களும் அவர்கள் உறவினரும் எங்கள் பக்கம் நிற்கவில்லை, நாங்கள் தோற்றோம். எங்களைத் தோற்கடித்தது நிர்வாகமன்று, உணவுக்கூடத்தில் காலியாக விட்ட அந்த இருக்கைகளே என்பது பிற்பாடுதான் எமக்கு விளங்கிற்று.

பாடத்தின் சாரம்

முதலாவது: தோற்றவனின் உயிரையும் மானத்தையும் வென்றவன் விட்டுவைக்க வேண்டும். பொன்னை இழந்தவன் மறப்பான். மானத்தை இழந்தவன் மறவான்.

இரண்டாவது: கொடுத்த வாக்கைக் காக்க வேண்டும். கையெழுத்திட்ட நாளில் சமாதானம் பிறப்பதில்லை. வாக்களித்தபடி உதவ வேண்டிய நாளில்தான் அது பிறக்கிறது.

மூன்றாவது: சமாதானம் தலைவர்களுக்கிடையே மட்டும் முடிவதன்று. எரிந்த வீட்டுக்குக் கூரையும், சிதறிய குடும்பத்துக்குச் சேர்க்கையும், இறந்தோரை எண்ணி அழுவதற்கு உரிமையும் குடிமக்களுக்குக் கிடைத்தால்தான் யுத்தம் முடிந்ததென்று சொல்லலாம்.

பகையைத் தொடங்க இருவராலும் முடியும். அதனை முடிக்கும் முதலடியை வைக்க வென்றவனால்தான் முடியும். தோற்றவன் கை நீட்டினால் அது கெஞ்சுதலாகும். வென்றவன் கை நீட்டினாலே அது சமாதானமாகும். ஆதலின் வெற்றி என்பது பரிசன்று, கடன்.

சகோதரர்களே! நம்மில் எவரும் சேனை நடத்தப்போவதில்லை. ஆயினும் வரப்பு வழக்கில் வென்றவர் உண்டு. பஞ்சாயத்தில் வென்றவர் உண்டு. கூடப்பிறந்தவரோடு சொத்துப் பிரிவினையில் வென்றவரும் உண்டு. அடுத்த கூட்டத்துக்கு வருமுன், தாம் வென்ற வழக்கு ஒன்றையும் அதில் தோற்றவர் ஒருவரையும் ஒவ்வொருவரும் நினைத்துப் பார்ப்பீர்களாக. அவர் வீட்டு வாசற்படியை மிதித்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணுவீர்களாக. சாம்பலைக் கிளறிப் பார்க்கும் துணிவு உள்ளவனுக்கே உள்ளே நெருப்பு உண்டா என்பது தெரியும்.

யாவரும் பகை நீங்கி வாழ்வாராக!