ஓட்டைக் காலணாவுக்கு 5 லட்சமா?

உங்க வீட்டு சாமி மாடத்திலோ ஆயாவின் சுருக்குப்பையிலோ நடுவில் ஓட்டை உள்ள காசு இருக்கிறதா? இருந்தால் இதைப் படித்துவிட்டு அப்புறம் வெளியே எடுங்கள்.

எங்க வீட்டில் 7 இருக்கிறது. ஆயா மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தது. போன மாதம் தாத்தா செல்போனுக்கு ஒரு வீடியோ வந்தது. இந்தக் காசுக்கு 5 லட்சம் தருவார்களாம், அதற்கு முன் பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய் நாம் அனுப்பணுமாம். தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், பண விஷயத்தில் ரொம்பக் கெட்டி. அவரே, "உங்க அக்கா காலேஜ் ஃபீஸுக்கு ஆகுமேடா" என்றார். "கொஞ்சம் பொறுங்க தாத்தா, எங்க சாரைக் கேட்டுட்டு வர்றேன்" என்றேன்.

சாருக்குக் காட்டணுமே என்று 2 காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக்கொண்டு போனேன். சார் தலையில் அடித்துக்கொண்டார். பழைய காசில் படிந்திருக்கும் பழுப்பு நிறம்தான் அதற்கு மதிப்பு. தேய்த்தால் கீறல் விழும், சேகரிப்பவர்கள் விலையைக் குறைத்துவிடுவார்கள். (நம்ம வேலை எப்பவும் இப்படித்தான்.)

இது 1943 முதல் 1947 வரை அடித்த காலணா. இரண்டாம் உலகப் போர் நடந்ததால் செம்புக்குத் தட்டுப்பாடு. அதனால் நடுவில் ஓட்டை போட்டு உலோகத்தை மிச்சம் பிடித்தார்கள். எடை 2 கிராம்தான். ராஜா தலை இருக்காது, ஒரு பக்கம் கிரீடம், மறுபக்கம் இலைமாலை. பார்க்க வினோதமாக இருந்தாலும் கோடிக்கணக்கில் அடித்தது. அதனால் சாதாரணக் காசு சில பத்து ரூபாய்க்கே கிடைக்கிறது.

ஒரு காசில் மட்டும் ஓட்டை ஒரு பக்கமாகத் தள்ளி இருந்தது. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. அச்சடிக்கும்போதே தப்பாக வந்த காசுக்கு மவுசு அதிகம் என்று சார் சொல்லியிருந்தார். ஆனால் லென்ஸ் வைத்துப் பார்த்ததும் ஓட்டை ஓரத்தில் அரத்தால் ராவிய தடம் தெரிந்தது. ஆயாவைக் கேட்டால் சிரிக்குது: "தகரக் கூரை ஆணிக்கு அதைத்தான் வாஷரா போட்டாங்க." பிறகு மனிதர் செய்த சேதத்துக்கு விலை கிடையாது.

1 ரூபாய்க்கு 64 காலணா. 1957 ஏப்ரல் 1-இல் 100 நயா பைசா கணக்கு வந்தது. அப்போது நம்ம காலணா 1.5625 பைசா! அதே ஆண்டு மே 20-இல்தான் நேரு நெய்வேலியில் சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார்.

பழைய காசு விற்கலாம் வாங்கலாம் என்று தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்டிலேயே எச்சரித்திருக்கிறது. சார் அதைக் காட்டினார். தாத்தாவிடம் சொன்னேன். அன்றைக்கு முழுக்க அவர் யாரிடமும் பேசவில்லை. 1,500 ரூபாய் பீரோவிலேயே இருக்கிறது.

1957 என்று போட்ட நயா பைசா யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள், சாரிடம் லென்ஸ் இருக்கிறது. தயவுசெய்து கழுவாமல் கொண்டு வாருங்கள்.