தேங்காய்நார்த் தூளில் வளரும் செடிகளுக்கு நீரும் உரமும்

தேங்காய் மட்டையினின்று நாரைப் பிரித்தெடுத்தபின் எஞ்சி நிற்கும் பழுப்புநிறத் தூளை நமது குடியானவர்கள் நெடுங்காலம் வீண்பொருளாகவே எண்ணி வந்தனர். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை முதலான பிரதேசங்களில் நார் ஆலைகளின் பின்புறம் இது குன்றுபோல் குவிந்து கிடந்ததைக் கண்டிராதவர் இரார். கோடையில் தீப்பற்றுவதும், மழையில் கருஞ்சாறு கசிந்து அண்டை நிலத்தாரின் கிணற்றில் இறங்குவதும் அக்குவியலின் இயல்பு. 1990-களில் ஹாலந்து முதலிய தேசத்துத் தோட்டக்காரர்கள், சதுப்புநிலங்களை வெட்டி எடுக்கும் பீட் என்னும் மட்குக்குப் பதிலாக இத்தூளைப் பெருமளவில் உபயோகிக்கத் தொடங்கிய பின்னரே இதற்கு விலையும் மதிப்பும் ஏற்பட்டன. இன்று கோகோபீட் என்ற பெயரால் கட்டிகளாக அழுத்தப்பட்டுக் கப்பலேறும் சரக்கும் இதுவே. நமது நாற்றங்கால்களில் குழித்தட்டுகளை நிரப்புவதும், நிழல்வலைக் குடிலிலும் பாலித்தீன் குடிலிலும் தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் ஆகியவற்றைத் தாங்கி நிற்பதும் இதுவே.

ஆயினும் இத்தூளை மண்ணென்று கருதி நடத்துவோர் அநேகர். அதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று. சில ஆண்டுகளுக்கு முன் மிளகாய் நாற்றுவிட்ட ஒரு நிலச்சுவான்தார் இக்கட்டுரையாளரை அழைத்துச் சென்று தமது இருநூறு குழித்தட்டுகளைக் காட்டினார். பத்தொன்பதினாயிரத்துக்கு மேற்பட்ட நாற்றுகள். இலைநுனிகள் கருகி, வேர்கள் பழுத்து, இருபது நாளாகியும் இரண்டிலைக்கு மேல் ஏறாமல் நின்றன. உரம் போதவில்லையென்று எண்ணி, அவர் நாள்தோறும் உரநீரின் அளவைக் கூட்டிக்கொண்டே போயிருந்தார். தூளை ஒரு கை அள்ளிப் பிழிந்து, வடிந்த நீரில் மானியை வைத்தபோது எண் நான்கைத் தாண்டி நின்றது. அத்தூள் உப்பங்கழியில் ஊறிய மட்டையினின்று வந்தது. மலிவாகக் கிடைத்ததென்று வாங்கியவர் ஒருமுறையேனும் அலசவில்லை. பசித்த பயிர் என்று அவர் எண்ணியது உப்பால் தாகித்த பயிராக இருந்தது. நல்ல நீரால் நான்கு முறை வடித்தெடுத்ததில் பாதித் தட்டுகள் பிழைத்தன. மற்றப் பாதி போயிற்று. புரட்டாசி நடவும் பிந்திப்போயிற்று.

ஆகவே நீர் பாய்ச்சுதலைப் பற்றிக் கூறுமுன் தூளைப் பதப்படுத்துவதைப் பற்றிக் கூறுவதே முறை. தேங்காய் மட்டையில் பொட்டாசியம், சோடியம், குளோரைடு ஆகிய உப்புகள் இயற்கையாகவே மிகுதி. கடலோரத்திலோ உப்புநீரிலோ ஊறிய மட்டையில் இவை பின்னும் அதிகம். தூளை நல்ல நீரில் ஊறவைத்து வடித்து, மறுபடி ஊறவைத்து வடிக்க வேண்டும். ஒரு பங்கு தூளுக்கு ஒன்றரைப் பங்கு மழைநீர் சேர்த்துக் கலக்கி, வடித்த நீரை ஈ.ஸி. மானியால் அளந்து பார்த்தால், நாற்றுகளுக்கு அரைக்குக் குறைவாகவும், வளர்ந்த செடிகளுக்கு ஒன்றுக்குக் குறைவாகவும் இருத்தல் நலம். மானி சட்டைப்பையில் அடங்கும் சிறு கருவியே. இருபது சென்ட் குடில் வைத்திருப்பவரும் இதை வாங்காமல் இருப்பது, தராசு இல்லாமல் பருத்தி வியாபாரம் செய்வதை ஒக்கும்.

அலசுவதால் மட்டும் காரியம் முடிவதில்லை. தூளின் நுண்துகள்கள் சில உப்புகளைக் கையால் பற்றியதுபோல் பிடித்துக்கொண்டிருக்கும். வெறும் நீர் அவற்றை விடுவிக்காது. அவ்விடத்தில் சுண்ணாம்புச் சத்து வந்து சேர்ந்தால்தான் பொட்டாசியமும் சோடியமும் இடம்விட்டு அகலும். இதைச் செய்யாமல் செடியை நட்டால், நாம் உரநீரில் கொடுக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தூளே முதலில் பறித்துக்கொள்ளும். செடி பட்டினி கிடக்கும். ஆகையால் கடைசி ஊறலில் லிட்டருக்கு மூன்று கிராம் வீதம் கால்சியம் நைட்ரேட் கரைத்து, ஓர் இரவும் பகலும் வைத்திருந்து வடித்து, பிறகு நல்ல நீரால் ஒருமுறை அலசுவது வழக்கம். பதப்படுத்திய தூள் என்று கட்டியின் மேல் அச்சிட்டிருந்தாலும், ஒரு கட்டியையாவது மானியால் சோதித்துப் பார்த்தே மற்றவற்றை அவிழ்ப்பது புத்தி.

இனி நீர். இத்தூள் தன் எடையைப்போல் ஐந்து முதல் எட்டு மடங்கு நீரைத் தாங்க வல்லது. அவ்வாறு தாங்கிய நிலையிலும் வேர் மூச்சுவிடுவதற்குரிய காற்றிடம் அதில் எஞ்சும். களிமண்ணுக்கு இவ்விரண்டும் ஒருசேர வாய்ப்பதில்லை. ஆனால் மண்ணில் போலச் சத்து சேமிப்பு இதில் இல்லை. நிலத்தில் எருவிட்டால் அது தங்கியிருந்து சிறுகச் சிறுக உதவும். இங்கே இன்று கொடுத்ததே இன்றைய உணவு. எனவே வாரம் ஒருமுறை உரம், இடையில் வெறும் நீர் என்னும் முறை இதற்குப் பொருந்தாது. ஒவ்வொரு முறை நீர் விடும்போதும் அதில் சிறிதளவு உரம் கரைந்திருக்க வேண்டும். மெல்லிய உணவு, பலமுறை.

நாற்றுகளின் விஷயத்தில் இதற்கு ஒரு விலக்கு உண்டு. தொண்ணூற்றெட்டுக் குழிகள் கொண்ட தட்டுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ ஈரத்தூள் பிடிக்கும். விதை ஊன்றித் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடிவைத்தால், முளை தோன்றும் வரை நீர் தேவையில்லை. முளை தெரிந்த அன்றே பிரித்து வைத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு வெளிறி நீண்டுவிடும். அதன்பின் காலையில் பூவாளியால் நீர் தெளிக்கலாம். மாலையில் தெளித்து இலை ஈரத்துடன் இரவு கழிய விடுவதே நாற்றழுகல் நோய்க்கு வழி. முதல் மெய்யிலை விரியும் வரை விதையிலுள்ள சேமிப்பே போதும். பின்னர் லிட்டருக்கு அரை கிராம் அளவில் தொடங்கி ஒரு கிராம் வரை, நீரில் கரையும் உரத்தைச் சேர்க்கலாம். பதினெட்டாம் நாள் வாக்கில் 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஐந்து கிராம் வீதம் இலைமேல் ஒருமுறை தெளிப்பதும் உண்டு. அவ்வளவையே வேரில் நாள்தோறும் ஊற்றலாகாது. மேற்படி உரத்தின் தழைச்சத்தில் கணிசமான பகுதி யூரியாவாக இருப்பதால் ஈ.ஸி. மானி அதைக் காட்டாது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். எண் குறைவாக இருக்கிறதே என்று மேலும் கொட்டிக் கெடுத்தவர்கள் உண்டு.

குடிலில் பைகளில் நிற்கும் செடிகளுக்கு, ஒரு செடிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் தூள் இருந்தால் போதும். காய்க்கும் தக்காளி வெயில்நாளில் இரண்டு லிட்டர் நீர் குடிக்கும்; மூடாக்கான நாளில் அதில் பாதியும் செல்லாது. மணிக்கு இரண்டு லிட்டர் விடும் சொட்டுவான் மூன்று நிமிஷத்தில் நூறு மில்லி தரும். இவ்வாறு சூரியன் ஏறி ஒரு மணி நேரத்திற்குப்பின் தொடங்கி, அஸ்தமனத்திற்கு ஒன்றிரண்டு மணிக்கு முன் நிறுத்தி, பகல் முழுவதும் பிரித்து விடுவது சிறந்தது. தானியங்கிக் கருவி இல்லாதவர்கள் ஐந்தாறு தடவையாவது திறந்து மூடவேண்டும். மேல்தூள் வெளிறி உலர்ந்து காணப்பட்டாலும் அடியில் ஈரம் நிறைந்திருக்கலாம்; கண்ணை நம்பாமல், பையைத் தூக்கிப் பார்த்துக் கனத்தை அறிவதும், விரலை ஆழ விட்டுப் பார்ப்பதும் நன்று.

விட்ட நீரில் ஐந்திலொரு பங்கு அடியில் வடிந்து வெளியேற வேண்டுமென்பது இச்சாகுபடியின் முக்கிய விதி. சிக்கனமென்று எண்ணி வடிகாலை நிறுத்துவோர், செடி குடித்ததுபோக மீந்த உப்பைப் பையிலேயே சேமிக்கின்றனர். ஒரு சொட்டுவானை வெறும் போத்தலில் விட்டு, பக்கத்துப் பையின் அடியில் ஒரு தட்டை வைத்துவிட்டால், எவ்வளவு உள்ளே சென்றது, எவ்வளவு வெளியே வந்தது என்பது மாலையில் தெரிந்துவிடும். வடிநீரின் ஈ.ஸி. உள்நீரினதைவிட ஒன்றுக்கு மேல் உயர்ந்தால், மறுநாள் உரத்தைக் குறைத்து நீரை அதிகமாக்கி வடிக்க வேண்டும். கீழே இறங்கினால் செடி பசித்திருக்கிறது என்று பொருள்.

உரநீரின் சேர்க்கையை உதாரணமாகக் கூறுவோம். ஆயிரம் லிட்டர் மழைநீருக்குக் கால்சியம் நைட்ரேட் 700 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் 400 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 200 கிராம், மக்னீசியம் சல்பேட் 400 கிராம், இரும்புக் கீலேட் 15 கிராம், சிறிது நுண்ணூட்டக் கலவை. இதன் ஈ.ஸி. ஏறக்குறைய 1.6 இருக்கும். தக்காளி காய் பிடிக்கத் தொடங்கியபின் 2 முதல் 2.5 வரை உயர்த்தலாம். அடர்கரைசல் தயாரிப்போர் கால்சியம் நைட்ரேட்டைப் பாஸ்பேட்டுடனும் சல்பேட்டுடனும் ஒரே தொட்டியில் இடக்கூடாது; வெண்படிவு இறங்கிச் சொட்டுவான்கள் அடைபடும், சத்தும் வீணாகும். தொட்டி இரண்டாக இருக்கட்டும்.

கிணற்றுநீர் உபயோகிப்பவர்கள் மேற்சொன்ன கணக்கை அப்படியே கைக்கொள்ளலாகாது. கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் நீரே கடினமானது. நீரின் ஈ.ஸி. 1.2 ஆக இருந்து, நாம் விரும்புவது 2 என்றால், உரத்திற்கு எஞ்சுவது 0.8 மட்டுமே. அந்நீரில் கால்சியமும் மக்னீசியமும் ஏற்கெனவே இருப்பதால் அவ்விரு உரங்களைக் குறைக்கலாம். சோடியம் மிகுந்த நீராயின் குறைப்பதற்கில்லை. மண்பரிசோதனை நிலையத்தில் நீரைப் பரிசோதித்த பின்னரே முடிவு செய்க. காரநீரில் அமில எண் ஏழுக்கு மேல் நின்றால் இரும்புச்சத்து வேருக்குக் கிட்டாது, தளிர் வெளிறும். பாஸ்பாரிக் அமிலமோ நைட்ரிக் அமிலமோ சொட்டுச் சொட்டாகச் சேர்த்து ஆறுக்குச் சற்றுக் கீழே கொணர வேண்டும். அமிலத்தை நீரில் விடுக. நீரை அமிலத்தில் விடலாகாது.

மழைநீரை ஏன் விடவேண்டும்? ஒரு சதுர மீட்டர் கூரைமீது ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர மீட்டர்க் குடிலின்மீது ஆண்டில் 700 மில்லிமீட்டர் பெய்தால் ஏழு லட்சம் லிட்டர். சேதாரம் போக ஐந்து லட்சமாவது குட்டையில் சேரும். இரண்டாயிரத்து ஐந்நூறு செடிகளுக்கு நாளொன்றுக்கு ஐயாயிரம் லிட்டர் வீதம் நூறு நாளைக்குப் போதுமானது. குட்டைக்குத் தார்ப்பாய் விரிக்கும் செலவைக் கண்டு தயங்குவோர், உப்புநீரால் ஒரு போகம் குன்றினால் ஆகும் நஷ்டத்தையும் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம்.

செடி காட்டும் அடையாளங்கள் சில. தக்காளிக் காயின் நுனி கறுத்து அமுங்கினால் கால்சியம் காய்க்குச் சென்று சேரவில்லை. உரத்தில் குறை இல்லாமல், நண்பகலில் நீர் தவறியதாலும் இது நேரும். அடியிலைகளில் நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி மஞ்சளித்தால் மக்னீசியக் குறை. மட்காத புதுத்தூளை இட்ட செடி முழுவதும் வெளிறுமாயின், தூளை மட்கச்செய்யும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை உண்டுவிட்டன என்க.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு வார்த்தை. தூளை அலசிய பழுப்புநீரையும் குடிலின் வடிநீரையும் குடிநீர்க் கிணற்றுக்கோ ஊருணிக்கோ மேடான பக்கத்தில் விட இடங்கொடுத்தல் ஆகாது. உரம் கலந்த வடிநீரை அருகிலுள்ள தென்னைக்கோ தீவனப் புல்லுக்கோ பாய்ச்சலாம். உப்பு மிகுந்த முதல் அலசுநீரைத் தென்னை ஒருவாறு தாங்கும், வாழை தாங்காது. ஆலைகளில் குவிந்து கிடக்கும் பச்சைத்தூளையும் எருவாக்க முடியும். ஒரு டன் தூளுக்கு ஐந்து கிலோ யூரியாவும் ஐந்து புட்டி சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு, நிழலில் ஈரம் காத்து வந்தால், ஒரு மாதத்திற்குச் சற்று மேற்பட்ட காலத்தில் கறுத்து மட்கிவிடும். இரண்டு மூன்று போகம் பைகளில் உழைத்து ஓய்ந்த தூளை இவ்விதம் மட்கச்செய்யவும் வேண்டியதில்லை. நன்றாக வடித்து, நோய்கண்ட வேர்களை அகற்றி, நேரே மானாவாரி நிலத்தில் உழவுக்கு முன் பரப்பலாம்.