புல்வெளி வண்ணத்துப்பூச்சியும் அதன் பகைவரும்

பயிரில் புழுவைக் கண்டதும் மருந்தைத் தேடுகிறோம். அப்புழுவைத் தேடி நமக்கு முன்னரே வேறோர் உயிர் வந்திருக்கக் கூடும் என்பதை நாம் நினைப்பதில்லை. அவ்வுயிரின் இயல்பை அறிய, நெடுங்காலம் நுணுகி ஆராயப்பெற்ற ஒரு வண்ணத்துப்பூச்சியின் வாழ்வை இப்பாடத்தில் காண்போம்.

பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் இடையே, பால்டிக் கடலில், ஓலந்துத் தீவுகள் உள்ளன. அங்குள்ள புல்வெளிகளில் கிளான்வில் என்னும் வண்ணத்துப்பூச்சி வாழ்கிறது. செம்மஞ்சள் நிறத்தில் கரிய கட்டங்கள் நெய்தாற்போன்ற சிறகுகளை உடையது. பின்லாந்தின் பெருநிலத்தில் இவ்வினம் 1970களின் இறுதியில் அற்றுப்போயிற்று. தீவுகளில் மட்டும் எஞ்சியது. இல்க்கா ஹான்ஸ்கி என்னும் பின்லாந்து அறிஞர் 1991ஆம் ஆண்டில் இதனை ஆராயத் தொடங்கினார். அங்கு இப்பூச்சிக்கு ஏற்ற புல்வெளிகள் ஏறத்தாழ 4,000 உள்ளன. பெரும்பாலானவை மிகச் சிறியவை.

வாழ்க்கை முறை

ஜூன் மாதத்தில் தாய்ப்பூச்சி இலையின் அடிப்புறத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளைக் குவியலாக இடும். இசப்கோல் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியும், நீலக்கதிர்ப் பூவுடைய வெரோனிகாச் செடியுமே புழுக்களின் உணவு. புழுக்கள் தனித்து வாழ்வதில்லை. ஒன்றுகூடி நூல் நூற்று, இலைகளைப் பிணைத்துக் கூடமைத்து, கடுங்குளிர் காலத்தை அதனுள் கழிக்கின்றன. இளவேனிலில் வெளிவந்து வெயில் காய்ந்து, மே மாதத்தில் கூட்டுப்புழுவாகின்றன.

பகைவர் இருவர்

முதற்பகைவன் ஹைப்போசோட்டர் என்னும் குளவி. முட்டைக்குள் புழு உருவாகி, வெளிவருவதற்குச் சற்று முன் உள்ள குறுகிய காலத்திலேயே இது தன் முட்டையைப் புழுவினுள் இடும். முட்டைக் குவியல் இருக்குமிடத்தை முன்னரே கண்டு, நினைவில் வைத்து, மீண்டும் வரும். ஒரு குவியலில் மூன்றில் ஒரு பங்கு அளவே தாக்கும், எஞ்சியவை பிழைக்கும்.

இரண்டாம் பகைவன் கொட்டேசியா என்னும் சிறு குளவி. ஒரே புழுவினுள் இதன் குஞ்சுகள் பல வளரும். இளவேனிலில் கரிய புழுக்கள் வெயிலில் உடல் சூடேறி விரைந்து வளர்கின்றன. நிழலில் கிடக்கும் இக்குளவியின் கூடுகள் மெல்லவே முதிர்கின்றன. ஆகவே குளிரும் வெயிலும் கலந்த ஆண்டுகளில் புழுக்கள் பல தப்பிவிடும்.

இக்குளவிகளுக்கும் பகைவர் உண்டு. மெசோக்கோரஸ் என்னும் குளவி, புழுவினுள் வளரும் ஹைப்போசோட்டர் குஞ்சையே தாக்கி வாழ்கிறது.

சிதறி வாழ்தலின் பயன்

கொட்டேசியா பெருகினால் ஒரு புல்வெளியில் வண்ணத்துப்பூச்சி அடியோடு அழியவும் கூடும். அழிந்தால், இரையற்ற குளவியும் அங்கே அழியும். பின்னர் அண்டைப் புல்வெளியிலிருந்து வண்ணத்துப்பூச்சி மீண்டும் வந்து குடியேறும். கொட்டேசியா நெடுந்தொலைவு பறக்க மாட்டாது. அது பின்தங்கி வரும். இவ்வாறு தனித்தனியே அழிந்தாலும், புல்வெளிகள் பல அருகருகே இருப்பதால் இருவரும் நிலைபெறுகின்றனர். மேய்ச்சல் நின்று புல்வெளிகள் புதராகிச் சுருங்கினால், இத்தொடர்பு அறுபடும்.

நமக்குரிய பாடம்

பகைவரைப் பேணினால் விளையும் நன்மையை நம் நாட்டிலும் கண்டிருக்கிறோம். 2008இல் கோவைப் பகுதியில் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சி, மரவள்ளியையும் பட்டுப்புழுவின் உணவான மல்பெரியையும் பாழாக்கியது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பெற்ற ஒரு சிறு குளவியே அதனை அடக்கியது.

ஆதலின், வயலில் ஒரு புழுவின் அருகிலோ உடல்மீதோ அரிசி போன்ற வெண்ணிற நூற்கூடுகள் காணப்படின், அவற்றைப் புழுவின் முட்டைகளெனக் கருதி நசுக்கலாகாது. அவை குளவிக் கூடுகள், நாளைய காவலர்கள். மருந்தடிக்குமுன் இலையைத் திருப்பிப் பார்த்து, புழுக்களில் எத்தனை முன்னரே தாக்கப்பட்டுள்ளன என்று எண்ணிப் பார்ப்போமாக.