பிழைச் செய்தியை அணைத்துவிட்டு கியூப் கட்டாதீர்கள்

கடலூர் சிப்காட்டில் பெயின்ட், தின்னர் தயாரிக்கும் ஆலையொன்றில் விற்பனைக் கணக்கைப் பார்ப்பவன் நான். அங்கே அனாலிசிஸ் சர்வீசஸில் கியூப் போட்டபோது பட்டதை எழுதுகிறேன். உங்கள் டீலர் மாஸ்டரிலும் ஆளாளுக்கு ஊர்ப்பெயரைத் தட்டியிருப்பார்கள். ஆகவே இது உங்களுக்கும்தான்.

டேட்டா சோர்ஸ், வியூ, மெஷர் எல்லாம் விசார்ட் பார்த்துக்கொள்ளும். சிக்கல் படிநிலையில்தான்.

வெளியிலிருந்து வந்த ஆலோசகர்கள் மண்டலம், மாவட்டம், ஊர், டீலர் என்று நான்கு அடுக்கு போட்டார்கள். ஊருக்குக் கீ வெறும் ஊர்ப்பெயர். பிராசஸ் செய்ததுமே டூப்ளிகேட் கீ என்று பிழை வந்தது. வரவேண்டிய பிழைதான் அது. பண்ருட்டிப் பக்கம் ஒரு புதுப்பேட்டை. சென்னையில் வண்டி உதிரிபாகத்துக்குப் பேர்போன இன்னொரு புதுப்பேட்டை. ஒரே கீக்கு இரண்டு மாவட்டம் எப்படி இருக்க முடியும்?

“ஊருக்குத் தனி எண் கொடுங்க சார்” என்று அன்றே சொன்னேன். “இக்னோர் போட்டா ஓடிடும்” என்றார்கள். போட்டார்கள், ஓடியது.

மொத்த விற்பனை பேரேட்டோடு பைசா பிசகாமல் ஒத்துப்போனதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால், சென்னைப் புதுப்பேட்டைக்குப் போன தின்னர் அத்தனையும் கடலூர் மாவட்டக் கணக்கில் ஏறியிருந்தது. அதை வைத்து எங்கள் விற்பனை அலுவலருக்கு அடுத்த ஆண்டு இலக்கை உயர்த்தினார்கள். எட்ட முடியாமல் அவருடைய ஊக்கத்தொகை போயிற்று. “பண்ருட்டியில இவ்வளவு சரக்கு யார் வாங்குறா?” என்று அவர் கேட்டதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எக்செல் பைவட்டில் டீலர் வரைக்கும் இறக்கிக் காட்டினேன். 607-இல் தொடங்கும் பின்கோடுகளுக்கு நடுவே 600-இல் தொடங்குபவை நின்றன. அதற்குப் பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள்.

நீங்கள் செய்யவேண்டியவை இவை:

ஊருக்குக் கீயாக மாவட்ட எண்ணையும் ஊர் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். ஊர்ப்பெயர் திரையில் காட்ட மட்டும்.

மாதத்துக்கும் அப்படியே: நிதியாண்டு, ஏப்ரலை ஒன்றாகக் கொண்ட மாத எண் இரண்டும் சேர்ந்தது கீ. வரிசையையும் கீயின்படி வையுங்கள். பெயர்ப்படி வைத்தால் ஆங்கில அகரவரிசையில் ஏப்ரலுக்கு அடுத்து ஆகஸ்ட் வந்து நிற்கும்.

அட்ரிபியூட் ரிலேஷன்ஷிப்பை டீலர், ஊர், மாவட்டம், மண்டலம் என்று சங்கிலியாகக் கோத்துவிடுங்கள். எல்லாவற்றையும் நேரே டீலரோடு கட்டிவிட்டால், ஊர்வாரியாகக் கூட்டி வைத்த தொகையிலிருந்து மாவட்டத் தொகையை எடுக்க முடியாது, அறிக்கை இழுக்கும்.

பிராசஸுக்கு முன்பே, எந்த அடுக்கிலாவது ஒரே கீக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மேலடுக்கு வருகிறதா என்று ஒரு குவரி ஓட்டிப் பாருங்கள்.

மாவட்டப் பிரிவினையை மறக்காதீர்கள். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும், 2020 டிசம்பரில் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறையும் பிரிந்தன. டீலர் பதிவில் மாவட்டத்தை மட்டும் திருத்தினால் பழைய ஆண்டுகளின் விற்பனையும் புது மாவட்டத்துக்குத் தாவிவிடும். பிறகு, விழுப்புரத்தில் விற்பனை நடந்த காலத்துக் கணக்கைத் தேடினாலும் கிடைக்காது. விற்ற நாளின் மாவட்டம், இன்றைய மாவட்டம் என இரண்டு படிநிலை வையுங்கள்.

கூட்டுத்தொகை ஒத்துப்போகிறது என்பதற்காக எந்தக் கியூபையும் ஏற்காதீர்கள். மாவட்டம் மாவட்டமாகப் பில்லோடு ஒப்பிட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். அந்த மாவட்டத் தொகையை நம்பி ஒருவருடைய சம்பளம் நிர்ணயமாகிறது.